முயல்களின் பத்தாண்டுக் கணக்கு

வணிகர்களின் பேரேடு ஒன்று உயிரியலாருக்குப் பாடநூலாக முடியுமா? கனடா நாட்டில் அப்படித்தான் ஆயிற்று.

1670ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனி, வடகாடுகளில் வேட்டையாடப்பட்ட விலங்குகளின் தோல்களை வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பிவந்தது. ஆண்டுதோறும் வந்த தோல்களின் எண்ணிக்கை கணக்கில் ஏறியது. அதில் லிங்க்ஸ் என்னும் காட்டுப்பூனையின் தோல்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் அருகின. லிங்க்ஸின் முதன்மையான இரை பனிக்காலணி முயல். முயல் பெருகினால் ஓரிரு ஆண்டுகளில் லிங்க்ஸும் பெருகும். முயல் குறைந்தால் அதுவும் குறையும்.

இம்முயலின் எடை சுமார் ஒன்றரைக் கிலோகிராம். அகன்ற, மயிரடர்ந்த பின்பாதங்கள் எடையைப் பரப்பி அழுத்தத்தைக் குறைப்பதால் அது பனியில் புதைவதில்லை. கோடையில் பழுப்பாகவும் குளிர்காலத்தில் வெண்மையாகவும் இருக்கும். சுமார் 36 நாட்கள் சுமந்து, கண் திறந்த குட்டிகளை ஈனும். ஓராண்டில் மூன்று, நான்கு ஈற்றுகளும் உண்டு. எனவே அது பெருகுவதில் வியப்பில்லை. திடீரென அருகுவதே புதிர். முயல் அற்றுப்போன குளிர்காலங்களில் அதை உண்டு வாழ்ந்த பழங்குடி மக்களும் பட்டினி கிடந்தனர் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்டன் 1920களில் இச்சுழற்சியை ஆராயத் தொடங்கினார். 1942இல் மேரி நிக்கல்சனுடன் லிங்க்ஸின் பத்தாண்டுச் சுழற்சியை விரிவாக வெளியிட்டார். இதற்கிடையில் லோட்கா 1925இலும் வோல்டெரா 1926இலும், இரையும் இரைகொல்லியும் ஊசலைப் போல ஏறியிறங்கக்கூடும் என்று சமன்பாடுகளால் காட்டியிருந்தனர். பேரேடும் சமன்பாடும் அழகாகப் பொருந்துவதாகப் பலரும் எண்ணினர்.

1973இல் மைக்கேல் கில்பின் இரண்டையும் பொருத்திப் பார்த்தார். வந்த விடை என்ன தெரியுமா? முயல்கள்தாம் லிங்க்ஸைத் தின்கின்றன! லிங்க்ஸ் முன்னே பெருக, முயல் பின்னே பெருகியதாகப் பதிவான ஆண்டுகளும் கணக்கில் இருந்தன. தோல்களின் எண்ணிக்கை வேறு, காட்டில் வாழும் விலங்குகளின் எண்ணிக்கை வேறு அல்லவா? வேடர் எத்தனை பேர், எவ்வளவு முயன்றனர் என்பதும் தோல் கணக்கில் கலந்திருக்கிறது.

ஆகவே காட்டிலேயே சோதனை செய்ய வேண்டியதாயிற்று. 1986இல் தொடங்கி, யூகான் பகுதியிலுள்ள குளுவானியில் சார்லஸ் கிரெப்ஸ் குழுவினர் ஒவ்வொன்றும் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பகுதிகளை அமைத்தனர். முயல் புகுந்து வரவும் லிங்க்ஸ் நுழையாதிருக்கவும் மின்வேலி இட்ட இடத்தில் முயல்களின் செறிவு இரு மடங்காயிற்று. தீனி மட்டும் கூடுதலாக இட்ட இடத்தில் அது மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்த இடத்திலோ பதினொரு மடங்கு! இரண்டும் மூன்றும் பெருக்கினால் ஆறுதானே வரும்? பசியும் பகையும் தனித்தனியாக அல்ல, ஒன்றையொன்று வலுப்படுத்தியே முயலைத் தாக்குகின்றன. பகைக்கு அஞ்சி வாழும் தாய்முயல்கள் குறைவாகவே ஈனுகின்றன என்பதும் பிந்தைய ஆய்வுகளில் தெரியவந்தது.

முயல்–லிங்க்ஸ் வரைகோட்டை இன்றும் பாடநூல்களில் நீங்கள் காணலாம். காணும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே எண்ணப்பட்டது முயலா, முயல் தோலா?