காவலுக்குக் கணக்குக் கேட்பவர் யார்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், சிறுமலைச் சாரலை அடுத்து, பெரியாற்றுக் கால்வாய் பாயும் வயல்வெளியில் அமைந்த ஊர் வாடிப்பட்டி. அவ்வூரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் காத்து நின்றது ஒரு காலத்தில் போலீஸ் அல்ல, ஊர்க்காவல். அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல் குவிந்ததும், காவல்காரனுக்குரிய பங்கை உழவன் அளந்து கொடுப்பான். மேற்கேயுள்ள கள்ளர் நாட்டிலிருந்து வந்து காவல் பூண்டோர் பலர்.

அக்காவலுக்கு ஒரு நெறி இருந்தது. களவு போன பொருளைக் காவல்காரன் மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடில், அதன் மதிப்பைத் தானே ஈடு செய்யவேண்டும். கூலி வாங்கியவன் பொறுப்பு ஏற்றான். கூலி கொடுத்தவன் கணக்குக் கேட்டான்!

அது பொற்காலம் என்று புகழ்பாட நாம் முன்வரவில்லை. கூலி தர மறுத்தவன் மாடு களவு போனதும், அதனை மீட்கத் துப்புக்கூலி தண்டப்பட்டதும் உண்டு. 1896-இல் திண்டுக்கல் வட்டாரத்து உழவர்கள் அக்காவலை எதிர்த்துத் திரண்டெழுந்ததும் வரலாறு. காவலே வேலியைத் தாண்டி மேய்ந்த கதை அது. எனினும், காவலன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்ற கேள்விக்கு அம்முறையில் விடை இருந்தது. அந்த விடையைத்தான் பின்னர் வந்த அரசு துடைத்தெறிந்தது.

கும்பினி ஆட்சி 1816-இல் கலெக்டரையே மாஜிஸ்திரேட்டாக்கிற்று. வரி தண்டும் தாசில்தாரிடமே போலீஸ் அதிகாரத்தையும் ஒப்படைத்தது. ஒரு கையில் வரிக்கணக்கு, மறு கையில் தடி! விளைந்தது என்ன? விரல்களை நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைக்கும் கொடுமை, பசியும் பட்டினியும். பாராளுமன்றத்தில் பேச்செழுந்த பிறகே விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடப்பது உண்மையே என்று 1855-இல் அக்குழு அறிக்கை தந்தது. ஆனால் பழி முழுவதையும் உள்நாட்டுச் சிப்பந்திகள் தலையில் சுமத்தி, வெள்ளை அதிகாரிகளைக் குற்றமற்றவர்களாக்கிற்று. கடல் கடந்த நியூயார்க்கின் நாளேட்டில் 1857-இல் இதனை எடுத்தெழுதிய கார்ல் மார்க்ஸ், இந்தியரின் கிளர்ச்சியைப் பழிப்போரின் முகத்தில் அவ்வறிக்கையையே விட்டெறிந்தார்.

அதன்பின் வந்தது 1859-ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம். வரியும் தடியும் பிரிக்கப்பட்டன. சீருடை வந்தது, அணிவகுப்பு வந்தது. 1861-இல் இந்தியா முழுமைக்குமான சட்டமும் பிறந்தது. ஆனால் அதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது, மக்களின் இசைவை நாடிய லண்டன் போலீஸ் அல்ல. அடிமைப்பட்ட அயர்லாந்தை அடக்க அமைத்த படை! காவலன் மேலதிகாரிக்குப் பதில் சொன்னான்; மேலதிகாரி அரசுக்குப் பதில் சொன்னான்; மக்களுக்குப் பதில் சொல்ல எவரும் இல்லை. 1902-இல் அமைக்கப்பட்ட பிரேசர் குழு, போலீஸ் ஊழலும் ஒடுக்குமுறையும் மலிந்தது, மக்களின் நம்பிக்கையைப் பெறாதது என்று கூறவேண்டியதாயிற்று.

கணக்குக் கேட்பாரற்ற அதிகாரம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? மதுரை மாவட்டமே சான்று. காவல் கூலி பெற்றவர்களின் குலம் முழுவதையுமே குற்றவாளிக் கூட்டம் என்றது, 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம். பிறந்த குலமே குற்றத்துக்குச் சான்றாயிற்று! வருணத்தின் பெயரால் மனு செய்ததை, பதிவேட்டின் பெயரால் வெள்ளையன் செய்தான். கைரேகை வைக்கவேண்டும், இரவில் காவல் நிலையத்தில் தலைகாட்டவேண்டும், வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். அரசின் அறிவிப்பு சரியா என்று கேட்க நீதிமன்றத்துக்கும் உரிமையில்லை. 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் துப்பாக்கி நீட்டிற்று. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். அம்மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை ரோசாப்பூ துரை என்று அவர்கள் அன்புடன் அழைத்தனர். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

சட்டம் ஒழிந்தது; அதை ஏவிய அமைப்பு ஒழிந்ததா? 1977-இல் அமைக்கப்பட்ட தேசியப் போலீஸ் ஆணையம் எட்டு அறிக்கைகள் தந்தது. அவை அலமாரியில் உறங்கின. 2006 செப்டம்பர் 22-இல் உச்சநீதிமன்றம் கட்டளைகள் பிறப்பித்தது: அதிகாரிகளைப் பந்தாடாதே, புலனாய்வையும் ஒழுங்கு காக்கும் பணியையும் பிரித்து வை, மக்களின் முறையீட்டைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் தனி ஆணையம் அமை. தமிழகம் 2013-இல் சட்டம் செய்தது. ஆனால் அச்சட்டத்தின்படி மாநில முறையீட்டு ஆணையத்துக்குத் தலைவர், உள்துறைச் செயலாளர்! உறுப்பினர்கள், போலீஸ் உயர் அதிகாரிகள்! வழக்குக்கு உள்ளானவனே தீர்ப்பெழுதும் விந்தையை வேறெங்கே காண்போம்?

இதன் விளைவு 2020-இல் சாத்தான்குளத்தில் தெரிந்தது. காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தனர். சான்றுகள் அழியாதிருக்க, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் விடும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. எண்ணிப் பாருங்கள்! வருவாய் அதிகாரியிடமிருந்து மக்களைக் காக்க 1859-இல் தனிப் போலீஸ் வந்தது. 2020-இல் போலீசிடமிருந்து சான்றுகளைக் காக்க வருவாய் அதிகாரி வரவேண்டியதாயிற்று! கை மாறிற்று, கணக்குக் கேட்கும் உரிமை மட்டும் மக்களிடம் வந்து சேரவில்லை.

காவலர் அனைவரும் கொடியவர் என்பது நம் கூற்றன்று. சாத்தான்குளத்தில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் துணிந்து சொன்னவரும் ஒரு பெண் தலைமைக் காவலர்தான். அத்தகையோர் அஞ்சாது பேசவேண்டுமானால், அவர்களைக் காக்கும் தனி ஆணையம் வேண்டும். அதிகாரிகள் அல்லாதார் அதில் அமரவேண்டும். அதன் முடிவு அரசைக் கட்டுப்படுத்தவேண்டும். அதன் அறிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படவேண்டும். வாடிப்பட்டி உழவன் மதுரைக்கும் சென்னைக்கும் அலையாமல், தன் மாவட்டத்திலேயே முறையிட வழி வேண்டும்.

அன்று நெல்லளந்து கொடுத்தவன் கணக்குக் கேட்டான். இன்று வரிப்பணம் அளந்து கொடுப்பவனும் அவனே. கூலி கொடுப்பவன் குனிந்து நிற்பதும், கூலி பெறுபவன் கேள்வியின்றி நிமிர்ந்து நிற்பதும் மக்களாட்சி ஆகாது!