எட்டு மைல் வீதிக்கு வடக்கே: ஒரு புறநகரும் அதன் பேரங்காடியும்

நகர வரலாறு எழுதுவோர் அரண்மனை, கோட்டை, கோயில், துறைமுகம் என்பவற்றுக்கு அளிக்கும் இடத்தைக் கடைத்தெருவுக்கு அளிப்பதில்லை. ஆயினும், ஒரு நகரத்து மக்கள் எங்கே குடியிருந்தனர், எவரோடு கூடினர், எவரை விலக்கினர் என்பனவற்றை அறியவேண்டின், அவர்கள் பொருள் வாங்கிய இடத்தை நோக்குதல் நன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலே நகரைவிட்டுப் புறநகர்க்குச் சென்றோர் தொகை பெருகிற்று. 1970ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பிலே அந்நாட்டுப் புறநகர்வாசிகளின் தொகை நடுநகர்வாசிகளின் தொகையை முதன்முறையாக விஞ்சியது. இப்பெயர்ச்சியோடு பிறந்து, அதனோடு வளர்ந்து, அதற்கு முன்னரே மூப்பெய்தியது ‘மோல்’ என வழங்கும் பேரங்காடியாகும். மிச்சிக்கன் மாநிலத்திலே, டெற்றோயிற் நகரின் வடவெல்லையாகிய எட்டு மைல் வீதிக்கு அப்பால் அமைந்த சவுத்பீல்ட் என்னும் புறநகரும், அங்கே 1954இல் திறக்கப்பட்ட நோர்த்லண்ட் பேரங்காடியும் இவ்வரலாற்றின் தோற்றத்தையும் தேய்வையும் ஓரிடத்தே வைத்துக் காட்டுவன.

டெற்றோயிற், மோட்டார்த் தொழிலால் எழுந்த நகரம். போர்ட் கம்பனி 1913இல் நகரும் தொடர்முறை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் அங்கு வந்து குவிந்தனர். தெற்கிலிருந்து வந்தோருட் பெரும்பகுதியினர் கறுப்பினத்தார். 1950இல் நகரின் குடித்தொகை 18 இலட்சத்து 49 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்தது. நகர நடுவே வூட்வேட் பெருந்தெருவில் நின்ற ஹட்சன் பல்பொருட் பெருங்கடை, 1881இல் தோன்றிய கம்பனியொன்றினது. அமெரிக்காவின் மிகப் பெரிய கடைகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. டிராம் வண்டியும் பஸ்ஸும் அக்கடையின் வாயிலிலே மக்களை இறக்கின. செல்வரும் தொழிலாளரும் ஒரே தெருவில் நடந்து ஒரே கடைக்குட் புகுந்தனர்.

புறநகரின் பரவலை மக்களின் விருப்பம் ஒன்றினாலேயே விளைந்ததாகக் கொள்வது பொருந்தாது. அதன் வேர் அரசாங்கத்தின் கடன் விதிகளிலே உள்ளது. 1934இல் நிறுவப்பட்ட சமஷ்டி வீடமைப்பு நிருவாகம் வீட்டுக்கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. அதனால் வங்கிகள் நீண்டகாலத் தவணையிற் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க முன்வந்தன. 1944ஆம் ஆண்டுச் சட்டம் போரிலிருந்து மீண்ட படைவீரருக்கும் இத்தகைய வாய்ப்பை நல்கிற்று. ஆனால் கறுப்பினத்தார் வாழும் பகுதிகளையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் நம்பகமற்றவை என ஒதுக்குவது அந்நிருவாகத்தின் கொள்கையாயிருந்தது. இக்கொள்கைக்கு எட்டு மைல் வீதியண்டையிலேயே ஒரு சான்று நிற்கிறது. 1941இல் வெள்ளையருக்கென வீடு கட்ட முற்பட்ட ஒருவருக்கு, அயலிலே கறுப்பினத்தார் குடியிருப்பு உண்டு என்ற காரணத்தால் அக்காப்புறுதி கிட்டவில்லை. அவர் இரு குடியிருப்புக்கும் இடையே ஆறடி உயரமும் ஏறத்தாழ அரை மைல் நீளமுமுள்ள சுவரொன்றை எழுப்பினார், காப்புறுதி கிடைத்தது! சுவர் இன்றும் உள்ளது. அயலிலுள்ளோர் அதன்மீது ஓவியம் தீட்டியிருக்கின்றனர்.

நிற உரிமைக் கட்டுப்பாடு கொண்ட காணி உறுதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என அமெரிக்க உயர் நீதிமன்று 1948இற் றீர்த்தது. எனினும் வழக்கம் தீர்ப்புக்கு உடனே கட்டுப்படவில்லை. விரைவுப் பெருந்தெருக்கள் வடமேற்கே நீண்டன. புதிய மனைகள் அவற்றைத் தொடர்ந்தன.

வாடிக்கையாளர் நகரைவிட்டு அகல்வதை ஹட்சன் கம்பனியார் கண்டனர். அவர்கள் நாடிய கட்டடக் கலைஞர் விக்டர் குறூயன். 1903இல் வியன்னாவிற் பிறந்த யூதராகிய இவர், 1938இல் நாற்சிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து தப்பி நியூயோர்க்கை அடைந்தவர். வியன்னாவின் சதுக்கங்களும் கோப்பிக் கடைகளும் இவர் நெஞ்சை விட்டகலவில்லை. அமெரிக்கப் புறநகரிலே பெருந்தெருவின் இருமருங்கும் சிதறிக்கிடந்த கடைகளையும் விளம்பரப் பலகைகளையும் இவர் வெறுத்தார். காரிலன்றி எங்கும் செல்லவியலாத மக்களுக்குக் காரைவிட்டு இறங்கி நடப்பதற்கு ஓரிடம் அமைத்தல் வேண்டும் என்பதே இவர் கருத்து. பண்டைக் கிரேக்கரின் சந்தைச் சதுக்கத்தையும் இடைக்கால ஐரோப்பிய நகரத்தின் கடைவெளியையும் இவர் தம் நூல்களில் முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார்.

1954 மார்ச்சு 22ஆம் நாள் நோர்த்லண்ட் திறக்கப்பட்டது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் நடுவிலே ஹட்சன் பெருங்கடை. அதனைச் சூழ்ந்து சிறு கடைகளின் வரிசைகள். அவற்றினிடையே மரமும் பூஞ்செடியும் நீரூற்றும் சிற்பமும் அமைந்த திறந்த முற்றங்கள். இவையனைத்துக்கும் புறத்தே ஆயிரக்கணக்கான கார்களுக்குரிய தரிப்பிடம். சரக்கு வண்டிகள் மக்கள் கண்ணிற் படாதவாறு நிலத்தடிச் சுரங்கவழியாற் கடைகளை அடைந்தன. கூட்டங்கள் நடத்துதற்குரிய மண்டபங்களும் இருந்தன. மார்சல் பிரெடரிக்ஸ் செதுக்கிய ‘சிறுவனும் கரடியும்’ என்னும் சிற்பம் குழந்தைகளைக் கவர்ந்தது. சவுத்பீல்ட் அப்பொழுது ஒரு நகராண்மையாகக்கூட அமையவில்லை. 1958இலேயே அது நகரமாயிற்று. ஊருக்கு முன் கடை தோன்றியது என்பது இதன் பொருள். பின்னர் இது இன்னும் தெளிவாயிற்று. அதே கம்பனி டெற்றோயிற்றைச் சூழ 1957இல் ஈஸ்ட்லண்ட், 1965இல் வெஸ்ட்லண்ட், 1970இல் சவுத்லண்ட் என நாற்றிசைக்கும் பேரங்காடி அமைத்தது. வெஸ்ட்லண்ட் எழுந்த நன்கின் என்னும் ஊரோ, 1966இல் நகரமாகியபோது அங்காடியின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டது. ஊரின் பெயரைக் கடைக்கு இடுவது உலகவழக்கு; கடையின் பெயரை ஊருக்கு இட்டது இப்புறநகர்க் காலத்தின் புதுமை எனலாம்.

குறூயன் 1956இல் மினசோட்டா மாநிலத்து எடைனா ஊரிலே சவுத்டேல் அங்காடியைக் கூரைவேய்ந்து, குளிரூட்டி, ஒரே கட்டடமாக அமைத்தார். குளிர்காலக் கடுமை மிக்க அந்நாட்டிலே இது பெருவியப்பாயிற்று. அங்காடியைச் சூழ வீடுகளும் பாடசாலையும் மருத்துவ நிலையமும் பூங்காவும் ஏரியும் அமையவேண்டும் என்பது அவரது திட்டம். கட்டியோர் அங்காடியை எடுத்துக்கொண்டனர். ஏனையவற்றிற் பெரும்பாலனவற்றைக் கைவிட்டனர். பின்வந்தோர் சவுத்டேலையே நாடெங்கும் படியெடுத்தனர். நோர்த்லண்டின் திறந்த முற்றங்களும் எழுபதுகளின் நடுப்பகுதியிற் கூரையால் மூடப்பட்டன.

இவ்வாறு பேரங்காடிகள் விரைந்து பெருகியமைக்கு ஒரு வரிச்சட்டமும் துணைநின்றது. 1954ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே மிகுதியாகக் கழித்துக்கொள்ள இடமளித்தது. இதனாற் கட்டடம் மெய்யாக இலாபம் ஈட்டும்போதும், கணக்கேட்டில் நட்டம் தோன்றும். அந்நட்டத்தைக் காட்டி வேறு வருமானத்துக்குரிய வரியையும் குறைக்கலாம். சில ஆண்டுகளில் இந்நயம் குன்றியதும் கட்டடத்தை விற்றுவிட்டு வேறிடத்தே புதியதொன்று கட்டுவதே ஆதாயமாயிற்று. பழைய கடைத்தெருவைச் செப்பனிடுவோர்க்கு இத்தகைய சலுகை கிட்டவில்லை. ஊரின் தேவையை நோக்காது முதலீட்டின் தேவையை நோக்கியே அங்காடிகள் எழுந்தன என்ற குற்றச்சாட்டுக்கு இதிலே போதிய ஆதாரம் உண்டு.

1967 யூலையில் டெற்றோயிற்றிலே மூண்ட கலகத்தில் 43 பேர் மாண்டனர். ஏற்கெனவே தொடங்கியிருந்த வெள்ளையரின் வெளியேற்றம் அதன்பின் விரைவுற்றது. 1974இல் மில்லிக்கன் எதிர் பிராட்லி என்னும் வழக்கில், டெற்றோயிற்றுப் பாடசாலைகளில் நிலவிய இனப்பிரிவினையைத் தீர்ப்பதற்காக அயற்புறநகர்களின் பாடசாலைகளை இணைக்கவேண்டியதில்லை என அமெரிக்க உயர் நீதிமன்று ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் விதித்தது. அக்கணமே எட்டு மைல் வீதி, பிள்ளைகளின் கல்வியைப் பிரிக்கும் எல்லையாக உறுதிபெற்றுவிட்டது. நல்ல பாடசாலையை நாடிய பெற்றோர், எந்நிறத்தவராயினும், வீதியைக் கடந்து வடக்கே செல்லவேண்டியவராயினர். வூட்வேட் பெருந்தெருவிலிருந்த ஹட்சன் கடை 1983 சனவரியில் மூடப்பட்டது. அக்கட்டடம் 1998இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

வடக்கே சென்றோரைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். 1968ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் நிறத்தைக் காரணங்காட்டி வீடு மறுப்பதைத் தடைசெய்த பின், கறுப்பினத்தாரில் நடுத்தர வகுப்பினர் சவுத்பீல்டிற் குடியேறத் தொடங்கினர். ஆசிரியர், அலுவலர், மோட்டார்த் தொழிற்சாலைகளில் நல்லூதியம் பெற்றோர் எனப் பலர் அவர்களுள் இருந்தனர். 1970இல் ஏறத்தாழ முற்றிலும் வெள்ளையர் ஊராயிருந்த சவுத்பீல்ட், 2000ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பிற் கறுப்பினத்தார் பெரும்பான்மையாய் வாழும் ஊராயிற்று. 2010இல் அவர்கள் பத்துக்கு எழுவர். தந்தையர் காலத்திற் சுவர் எழுப்பித் தடுக்கப்பட்டோர் மக்கள் காலத்தில் வீட்டுரிமையாளராயினர். அவர்களும் அதே செங்கல் வீடுகளை வாங்கி, அதே புற்றரையைப் பேணி, அதே தவணையைக் கட்டினர்.

‘அயல் மாறிற்று, ஆதலின் அங்காடி வீழ்ந்தது’ என்று கூறுவாருளர். இக்கூற்று எளியது, ஆயின் ஆராயுமிடத்து நில்லாது. டெற்றோயிற் மாநகர்ப் பிரதேசத்தின் மொத்தக் குடித்தொகை 1970இன் பின் பெரிதும் வளரவில்லை. அங்காடிகளோ வளர்ந்துகொண்டே சென்றன. 1976இல் டியர்போணிலே பெயர்லேன், 1977இல் நோவையிலே துவெல்வ் ஓக்ஸ், 1996இல் ட்ரோய் நகரிலே சொமர்செற்றின் வடபகுதி, 1998இல் ஓபேண் ஹில்ஸிலே கிரேற் லேக்ஸ் குறொசிங் என ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சொமர்செற் வடபகுதிக்கு ஹட்சன் கம்பனியே தலைக்கடை அமைத்தது. வாங்குவோர் தொகை பெருகாதிருக்கக் கடைகள் மட்டும் பெருகின், புதியது ஒவ்வொன்றும் பழையதொன்றின் வாடிக்கையைப் பறித்தே வாழவேண்டும். நோர்த்லண்ட் யாவற்றிலும் மூத்தது. ஆதலின் முதலில் இழந்தது.

அங்காடியின் உள்ளமைப்பும் அதன் நோய்க்கு ஒரு காரணமாகும். பேரங்காடியொன்றில் இரண்டு மூன்று பெருங்கடைகளே மக்களை இழுப்பன. அவற்றுக்கு வாடகை மிகக் குறைவு. சிறுகடைகள் செலுத்தும் வாடகையே உரிமையாளரின் வருவாய். பெருங்கடை மூடின் வாடகையைக் குறைக்கவோ வெளியேறவோ சிறுகடைக்கு உரிமையளிக்கும் வாசகங்கள் குத்தகை உறுதிகளிற் காணப்படுவதுண்டு. ஆகவே ஒரு பெருங்கடை அகன்றதும் பல சிறுகடைகள் அதனைப் பின்தொடர்வன. அப்பெருங்கடையை மூடும் தீர்மானமோ ஊருக்கு நெடுந்தொலைவில் எடுக்கப்படுவது. ஹட்சன் கம்பனி 1969இல், சவுத்டேலைக் கட்டுவித்த டேய்ற்றன் குடும்பத்தாரின் கம்பனியோடு இணைந்தது. இணைந்த கம்பனி 2000இல் ராகெற் எனப் பெயர் பூண்டது. நோர்த்லண்டின் பெருங்கடை 2001இல் மார்சல் பீல்ட் எனவும் 2006இல் மேசி எனவும் பலகை மாற்றியது. ஈற்றில் அக்கடையைப் பற்றி முடிவுசெய்தோருள் ஹட்சன் என்ற பெயருக்குப் பொறுப்பானவர் எவருமிலர்.

இதனைக் குடியிருப்போடு ஒப்பிடின் வேற்றுமை விளங்கும். நியூயோர்க்கை அடுத்த லெவிற்றவுனிலே 1947 முதல் 1951 வரை ஏறத்தாழ ஒரேவிதமாகக் கட்டப்பட்ட 17,447 வீடுகளுள், பழைய வடிவு மாறாது நிற்பவை மிகச் சில. ஒருவர் மாடி எடுத்தார், மற்றொருவர் பின்புறம் அறை கட்டினார், ஒருவர் விற்றார், மற்றொருவர் வாங்கினார். சவுத்பீல்டின் தெருக்களும் இவ்வாறே வீடு வீடாகக் கைமாறி, எவரும் கட்டளையிடாமலே புதிய மக்களைத் தமக்குள் ஏற்றன. ஆயிரம் உரிமையாளர் உள்ள தெரு தன்னைத் திருத்திக்கொள்ளும். ஓர் உரிமையாளரே உள்ள அங்காடிக்கு அது கைகூடாது.

ஒருவர்க்குரியதாயிருந்தமை வேறொரு வினாவையும் எழுப்பிற்று. புறநகர் மக்கள் கூடும் ஒரே இடம் அங்காடியாயின், அங்கே துண்டுப்பிரசுரம் வழங்கவும் பேசவும் குடிமகனுக்கு உரிமை உண்டோ? 1968இல் உயர் நீதிமன்று உண்டு என்னும் சார்பிலே நின்றது. 1972இல் வியட்நாம் போருக்கு எதிரான துண்டுப்பிரசுரம் பற்றிய வழக்கொன்றில் அந்நிலையிலிருந்து பின்வாங்கிற்று. 1976இல் முன்னைய தீர்ப்பை முற்றாகக் கைவிட்டது. 1980இல், மாநிலங்கள் விரும்பின் தத்தம் அரசியலமைப்பின்படி அவ்வுரிமையை வழங்கலாம் என்றது. கலிபோர்ணியா போன்ற சில மாநிலங்களே வழங்கின. சதுக்கம் என்று குறூயன் கனவுகண்டது, சட்டத்தின் கண்ணிற் பெரும்பாலும் ஒருவருடைய தனி முற்றமேயாயிற்று. அவர் 1968இல் வியன்னாவுக்கு மீண்டார். தம் ஊருக்குத் தெற்கேயும் 1976இற் பேரங்காடியொன்று எழக் கண்டார். 1978இல் இலண்டனில் ஆற்றிய உரையிலே, தம் கருத்தைச் சிதைத்து எழுந்த கட்டடங்களுக்குத் தாம் பொறுப்பல்லர் எனக் கடுமையாக மறுத்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் வாழ்வு முடிந்தது.

2008இல் எழுந்த பொருளாதார நெருக்கடியும், 2009இல் மோட்டார்க் கம்பனிகள் வங்குரோத்துற்றமையும் சவுத்பீல்டை வருத்தின, வீடிழந்தோர் பலர். இணைய வணிகமும் அதனோடு சேர்ந்துகொண்டது. 2015இல் மேசி மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே நீதிமன்றின் அனுமதியோடு நோர்த்லண்டும் மூடப்பட்டது. ஏனைய ஊர்களில் இத்தகைய கட்டடங்கள் பலவாறு முடிந்தன. ஒகையோ மாநிலத்து நோர்த் ரண்டலில் 1976இல் எழுந்த அங்காடி இடிக்கப்பட்டு அமேசன் கம்பனியின் பண்டகசாலையாயிற்று. டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிலே 1971இல் எழுந்த ஹைலண்ட் அங்காடியோ, அந்நகரத்துச் சமுதாயக் கல்லூரியால் வாங்கப்பட்டு வகுப்பறைகளாயிற்று.

சவுத்பீல்டிலே நகரசபையே அங்காடி நிலத்தை விலைக்கு வாங்கியது. வாங்கியபோது ஊரிலே கருத்து வேறுபாடு இல்லாமலில்லை. பெரும்பகுதி இடிக்கப்பட்டது, பின்னர் மனைகள் அமைப்பதற்காக நிலம் தனியார் கைக்கு மாற்றப்பட்டது, பழைய ஹட்சன் கட்டடத்தை வீடுகளாக மாற்றுவது அத்திட்டத்தின் ஒரு பகுதி. ‘சிறுவனும் கரடியும்’ சிற்பத்தை ஏலம்போக விடாது நகரத்தார் பொருள் திரட்டி மீட்டனர். அது இப்போது சவுத்பீல்ட் பொது நூலகத்தில் இருக்கிறது.