மழை மறைவில் ஒரு நகரம்: நம் தேனி வளர்ந்த கதை



மலர்க் குழுவிலிருந்து போன் செய்து, "நம்ம ஊரைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணே" என்று கேட்டார்கள். நான் சிவில் படித்தவன். எஸ்டிமேட் எழுதிப் பழகிய கை இது, கட்டுரைக்குப் பழக்கமில்லை. ஆனாலும் உடனே ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணம் என் வகுப்புத் தோழன் ஒருவன்.

அவன் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறான். ஒருநாள் ராத்திரி போன் செய்து, "டேய், இங்க பெண்ட்னு ஒரு ஊரு. மேற்கால பெரிய மலை. மலைக்கு அங்கிட்டு மழையாக் கொட்டுது, இங்கிட்டு ஒரே வறட்சி. நடுவுல ஒரு ஆறு. எனக்கு நம்ம தேனி ஞாபகம் வந்துருச்சுடா" என்றான்.

விசாரித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான். காஸ்கேட் மலைத்தொடரின் கிழக்கே, சுமார் 3,600 அடி உயரத்தில், பாலைநிலத்தின் ஓரத்தில் டெஷூட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது பெண்ட். 1911-ல் ரயில் வந்தது. 1916-ல் இரண்டு பெரிய மரம் அறுக்கும் ஆலைகள் வந்தன. மரம் குறைந்து ஆலைகள் மூடிய பிறகும் ஊர் அழியவில்லை. மலையையும் ஆற்றையும் வெயிலையும் தேடி ஜனங்கள் வந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 99 ஆயிரம். நம் தேனி-அல்லிநகரம் நகராட்சிக்கு 2011-ல் சுமார் 94 ஆயிரம். ஏறக்குறைய ஒரே அளவு!

மலை செய்த வேலை

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமையெல்லாவற்றையும் கேரளப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது வெறும் காற்றுதான். தேக்கடியில் குடை பிடித்து நின்றவர் குமுளி மலை இறங்கிக் கூடலூர் வருவதற்குள் குடையை மடக்கிவிடுவார். ஆனி ஆடியில் கம்பம் கணவாய் வழியே அடிக்கும் அந்தக் காற்றில்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. விடுதி மொட்டை மாடியில் காயப்போட்ட சட்டை பக்கத்து ஊருக்குப் போன கதை நம் எல்லோருக்கும் தெரியும்!

காற்று நமக்கு, மழை அவர்களுக்கு. இந்தக் கணக்கை மாற்ற முடியுமா என்ற யோசனை பழையது. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப வழி தேடினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அந்த யோசனையை அவசரமாக்கியது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887-ல் வேலை தொடங்கியது. ராணுவப் பொறியாளர் பென்னிகுயிக் முன்னின்று நடத்தினார். காடு, யானை, மலேரியா, கட்டியதை அடித்துக்கொண்டு போன வெள்ளம் என்று எல்லாவற்றையும் தாண்டி, கருங்கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்த அணையை 1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

என்னைக் கேட்டால், அணையைவிட ஆச்சரியம் அந்தச் சுரங்கம். மலையைக் குடைந்து, ஒரு மைலுக்கும் அதிக நீளத்தில், அரபிக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை வங்கக் கடல் பக்கம் திருப்பிவிட்டார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்! லோயர் கேம்பில் 2013-ல் திறந்த மணிமண்டபத்தில் பென்னிகுயிக்கின் சிலை இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ல் நம் பக்கத்துக் கிராமங்களில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். ஒரு பொறியாளருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேறென்ன வேண்டும்?

ரோடும் ரயிலும் சந்தையும்

தண்ணீர் வந்ததும் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது. கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் செழித்தன. ஆனால் தேனி எப்படிப் பெரிதானது? அந்தக் காலத்தில் பெரியகுளம்தான் பெரிய ஊர். தேனி அந்தத் தாலுகாவில் ஒரு சின்ன ஊர், அவ்வளவுதான்.

மேப்பைப் பாருங்கள், விடை கிடைக்கும். மதுரை ரோடு, பெரியகுளம் வழியாக வரும் திண்டுக்கல் ரோடு, போடிமெட்டு ஏறி மூணாறு போகும் ரோடு, கம்பம் வழியாகக் குமுளி போகும் ரோடு எல்லாம் கூடுகிற இடம் தேனி. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது. போடி மலை ஏலக்காய், கம்பத்து நெல், ஆண்டிபட்டிப் பக்கத்துப் பருத்தி எதுவானாலும் இங்கே வந்துதான் கைமாறியது. வாரச்சந்தை பெருத்தது, பஞ்சாலைகள் வந்தன. 1997 ஜனவரி 1 முதல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனபோது, தலைநகர் தேனிதான் என்பதை ரோடுகளே முடிவு செய்துவிட்டன.

என் வயதுக்காரர்கள் அந்த மீட்டர் கேஜ் ரயிலில் கல்லூரிக்கு வந்திருப்பீர்கள். அகலப் பாதை போடுவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி தேனிக்கு ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடிக்கு 2023 ஜூனில். நடுவில் நமக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன!

கொடுத்த விலை

வளர்ச்சி என்பது இலவசமாக வருவதில்லை. 1959-ல் வைகை அணை திறந்தபோது அதற்காகக் கிராமங்கள் நீருக்குள் போயின. அங்கே பிறந்த கவிஞர் வைரமுத்து அந்த வலியை எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலுக்குத்தான் 2003-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒருவர் வயலுக்குத் தண்ணீர் வர, இன்னொருவர் வீட்டை விட்டுப் போனார்.

இன்று நாம் கொடுக்கும் விலை வேறு மாதிரியானது. ஒவ்வொரு வருஷமும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும்போது 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு என்று அறிவிப்பு வருகிறது. நான் படித்த காலத்திலும் அதே எண். இன்றும் அதே எண். ஆனால் வீரபாண்டி ரோட்டில் பைக்கில் போகும்போது வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் அளவுக்கல் நட்டு, கலர் கொடி கட்டி, "பஸ் ஸ்டாண்ட் பத்தே நிமிடம்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அந்த எண் எனக்கு இடிக்கிறது.

குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. அப்படிப்பட்ட மனைகளில் நண்பர்களுக்கு நானே பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா பேச்சை எடுத்தார். தாத்தா விட்டுப்போன நஞ்சை ஒண்ணரை ஏக்கர். "நீ மெட்ராஸ்ல இருக்க, உன் தம்பி பெங்களூர்ல. மடை திறக்க யாருப்பா இருக்கா? நல்ல ரேட்டு வந்திருக்கு, குடுத்துருவோம்." அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. திண்ணையில் இருந்த அப்பத்தா மட்டும், "தண்ணி வந்தப்புறந்தான்யா அது நிலமாச்சு" என்றது. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை.

பெண்ட் ஊரிலும் இதே கதைதானாம். அழகைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குவிய, அங்கேயே பிறந்தவர்களுக்கு வீட்டு விலை எட்டாமல் போய்விட்டது என்கிறான் தோழன். தேனிக்கு இழுப்பது என்ன? மூன்று பக்கமும் மலை, சாரல் காற்று, பச்சை வயல், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. வயலைப் பார்க்க வந்தவர் வயலிலேயே வீடு கட்டினால், அடுத்து வருபவர் எதைப் பார்ப்பார்?

சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு நெட்டில் தேடாதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பாசனக் கால்வாய்கள் 17. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய புல வரைபடத்தை வைத்து, தலைமடையிலிருந்து கடைமடை வரை நடந்து, இன்று உண்மையில் எத்தனை ஏக்கர் நனைகிறது என்று அளந்து சொல்லுங்கள். செயின் பிடிக்க நான் லீவு போட்டு வருகிறேன், இது சத்தியம்.

சித்தப்பாவுக்கு என் பதிலை இந்தக் கட்டுரையை எழுதி முடித்த கையோடு சொல்லிவிட்டேன்: என் பங்கு விற்பனைக்கு இல்லை, குத்தகைக்கு உழ ஆள் பார்க்கலாம். கோபத்தில் இருக்கிறார். சந்திப்புக்கு வரும்போது அவர் வீட்டுக்கும் போக வேண்டும். துணைக்கு யாராவது வாருங்களேன்!