மடத்துக் கல்வியும் ஒரு முன்சீபின் வினாவும்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதப் புகுந்தது எண்பத்தைந்து பிராயம் நிரம்புந் தறுவாயிலாகும். 'என் சரித்திரம்' என்னும் பெயருடன் 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் அது வாரந்தோறும் வெளிவந்தது. பாயிரத்தைக் கூடப் பிறர் செய்வதே சிறப்பெனக் கொண்ட மரபில் வந்த புலவர் தம்மைப் பற்றித் தாமே எழுதுதல் எளிதன்று. அன்றியும், 1933, 1934-ஆம் ஆண்டுகளில் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை இரண்டு பாகமாக வெளியிட்ட பின்னரே அவர் தம் சரித்திரத்தைத் தொடங்கினார். முறையும் அதுதானே!

மாயூரத்தில் 1871-ஆம் ஆண்டு பிள்ளையவர்களிடம் சேர்ந்த ஐயர், 1876-இல் ஆசிரியர் சிவபதம் அடையுங்காறும் உடனிருந்து பாடங் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை, புராணம் என நாள்தோறும் பாடம் நிகழ்ந்தது. சங்கீத வித்துவானாகிய தந்தையார் விருப்பின்படி கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கற்கத் தொடங்கிய இசையையும் ஆசிரியர் குறிப்பறிந்து விட்டொழித்தார்.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற கல்வி 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் ஒரு வினாவின் முன் நின்றது. ஆங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள், ஐயர் தாம் கற்ற நூல்களை ஒவ்வொன்றாகக் கூறக் கேட்டும் வியந்திலர். அவற்றாற் பயன் யாதென வினவினார். சிந்தாமணியும் மணிமேகலையும் கற்றதுண்டோ என்றார். கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்திருந்த இருபத்தைந்து வயதினர்க்கு அவ்வினா எத்துணைத் துன்பந் தந்திருக்கும்! ஆயினும் அறுபதாண்டு கழிந்து அதனை எழுதுங்கால் அவரிடம் மனக்கசப்புச் சிறிதும் இல்லை. தம் வாழ்வின் திருப்பமாகவே அச்சந்திப்பை விரித்துரைக்கின்றார்.

இப்பகுதியைப் படிப்போர் சிலர், மடத்துக் கல்வி வீணென்று முதலியார் காட்டிவிட்டதாகக் கொள்வர். அது பொருந்தாது. ஏட்டுச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவின. செய்யுள்கள் அடி பிரியாமல் தொடர்ந்தோடும். அவற்றினின்று எதுகையும் தளையும் நோக்கிப் பாடத்தைத் துணிதற்குச் செவியும் நினைவும் ஆயிரக்கணக்கான செய்யுள்களில் ஊறியிருத்தல் வேண்டும். அப்பயிற்சியை ஐயர்க்கு அளித்தது யாது? எவற்றாற் பயனென்று முதலியார் வினவினாரோ அவ்வந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களுமே. சமயக் கொள்கை விளங்காத இடங்களிற் கும்பகோணத்து ஜைனர் இல்லங்களுக்குச் சென்று ஐயந் தெளிந்தார். சைவ மடத்தில் வளர்ந்த மாணவர் அங்குச் சென்று கேட்கத் தயங்காமையும், அவர்கள் உவந்து உரைத்தமையும் போற்றத்தக்கன. சிந்தாமணி 1887-இல் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன.

மாயூரத்து நாட்களும் முதலியார் வினாவும் நிகழ்ந்த காலத்து ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றின. முதுமையில் அடுத்தடுத்து எழுதியபோதே ஒன்று மற்றொன்றிற்கு வழியாயினமை புலப்பட்டது.

சரித்திரம் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்த 1898-ஆம் ஆண்டை ஒட்டிய செய்திகளோடு நிற்கின்றது. 1903 முதற் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆற்றிய பணி அதனுள் இடம்பெறவில்லை. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் ஐயரவர்கள் திருக்கழுக்குன்றத்தில் இறைவன் திருவடி சேர்ந்தார்கள்.