கெர்னல் மாறிச்சு, சத்தம் எங்கே போச்சு?

2011 செப்டம்பர் 15. திருவள்ளூரை ஒட்டின காக்களூர்ல தமிழக அரசோட விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்குது. அந்த லேப்டாப்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. டெபியனை அடிப்படையா வெச்சு சி-டாக் உருவாக்கின இந்திய லினக்ஸ் அது. அதே மாவட்டத்துல இருக்கிற திருவாலங்காடு மாதிரி ஊர்கள்ல பிளஸ் டூ படிச்ச பிள்ளைங்க கைக்கு லினக்ஸ் இப்படித்தான் வந்துச்சு.

லினக்ஸ் ஓட்டறவங்களுக்கு ஒரு பயம் உண்டு. ராத்திரி அப்டேட் போட்டிருப்போம். காலையில ஆன்லைன் இன்டர்வியூ. ஸ்பீக்கர் ஊமை! செட்டிங்ஸ்ல ‘டம்மி அவுட்புட்’னு மட்டும் காட்டும். கடைக்குத் தூக்கிட்டு ஓடறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு கேளுங்க.

1990-களின் தொடக்கத்துல ஃபின்லாந்தின் ஹன்னு சவோலைனன் லினக்ஸுக்கு சவுண்டு டிரைவர் எழுதினார். அப்போ பல கார்டுகள்ல ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் சத்தம் போட முடியும். 1998-ல செக் நாட்டின் யாரோஸ்லாவ் கைசெலா ‘அல்சா’வைத் தொடங்கினார். 2003 டிசம்பர்ல வந்த 2.6 கெர்னல்ல அது இடம்பிடிச்சது. பல புரோகிராம்களோட சத்தத்தை ஒண்ணா கலக்கிற வேலைக்கு அதுக்கு மேல பல்ஸ்ஆடியோ வந்துச்சு, அப்புறம் பைப்வயர். கீழே நிஜமான கார்டு எதுவுமே தெரியலன்னா, இந்த மேல் அடுக்கு காட்டற பொம்மைதான் அந்த ‘டம்மி அவுட்புட்’.

2012 டிசம்பர்ல கெர்னல்ல நடந்த ஒரு சின்ன மாற்றத்தால சவுண்டு புரோகிராம்கள் உடைஞ்சது. தப்பு புரோகிராம் மேலன்னு ஒரு டெவலப்பர் சொல்ல, லினஸ் டோர்வால்ட்ஸ் கொந்தளிச்சுட்டார். கெர்னல் மாறி புரோகிராம் உடைஞ்சா அது கெர்னலோட தப்பு, இதான் அவரோட விதி.

அப்போ இன்னிக்கும் ஏன் சத்தம் போகுது? அந்த விதி காப்பாத்தறது மேலே இருக்கிற புரோகிராம்களை. கீழே சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் ஃபைல் தனி பேக்கேஜ்ல வரலாம். உபுண்டுல பல டிரைவர்கள் ‘லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ங்கிற தனி பேக்கேஜ்ல இருக்கு. புது கெர்னல் வந்து, அதுக்கு ஜோடியா இது வரலன்னா சத்தம் கிடையாது.

அதனால முதல்ல ரீஸ்டார்ட் பண்ணி, க்ரப் மெனுவுல ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்க. சத்தம் வந்தா ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. இன்டர்வியூவை அதுலயே முடிச்சுடுங்க. அப்புறம் நிதானமா புது கெர்னலுக்கான மாட்யூல் பேக்கேஜும் ஃபர்ம்வேரும் இருக்கான்னு பாருங்க. கார்டு பேர் சரியா தெரிஞ்சும் சத்தம் இல்லையா? டெர்மினல்ல ‘அல்சாமிக்சர்’ திறங்க. ‘எம்எம்’னு இருந்தா அது மியூட். எம் கீயை அழுத்தினா போதும்.

பழைய கெர்னலை மட்டும் அவசரப்பட்டு அழிச்சுடாதீங்க. புதுசுல பாட்டு கேட்ட பிறகு அழிக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!