வெயில் பாலக்கும் பனிப் பாலக்கும்

ஜப்பான் அரசின் உணவுச் சத்து அட்டவணையில், ஸ்பினாச் எனப்படும் பாலக் கீரைக்குக் கோடை அறுவடை, குளிர்கால அறுவடை என்று தனித்தனிக் கணக்கு உண்டு. 100 கிராம் பச்சைக் கீரையில் வைட்டமின் சி கோடையில் 20 மில்லிகிராம், குளிர்காலத்தில் 60. கீரை என்றாலே சத்து என்று பொத்தாம்பொதுவாகப் பேசிப் பழகிய நாம் இந்த இரண்டு எண்களையும் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கோடையில் விதைத்த பாலக் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். வெயில் அதை விரட்டி வளர்க்கிறது. இலை தயாரிக்கும் சர்க்கரை உடனுக்குடன் புதுத் தளிருக்குச் செலவாகிறது. மிச்சமும் வெக்கையான இரவுகளில் சுவாசத்தில் கரைகிறது. குளிர்காலச் செடிக்கு அந்த அவசரம் இல்லை. வெப்பநிலை 5 டிகிரியை நெருங்கும்போது வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும்; ஒளிச்சேர்க்கை மட்டும் மெதுவாகத் தொடரும். செலவு குறையவே சர்க்கரை இலையில் தங்குகிறது. குளிர்ந்த வேர் தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சுவதால் சாறு கெட்டிப்படுகிறது. சர்க்கரை மிகுந்த சாறு எளிதில் உறையாது; செடி தன் உயிரைக் காக்கச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. வைட்டமின் சி கூடுவதும் அப்படித்தான். குளிரில் செடி பயன்படுத்த முடியாத ஒளி இலைக்குள் தீங்கான ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. அவற்றை அடக்க வைட்டமின் சி வேண்டியிருக்கிறது.

வடகிழக்கு ஜப்பானின் தொஹோகு பகுதி விவசாயிகள் இதை ஒரு சாகுபடி முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள். 'கன்ஜிமே' என்று பெயர். பிளாஸ்டிக் குடிலுக்குள் கீரையை வளர்த்து, கடுங்குளிர் வந்ததும் பக்கத் திரைகளையும் கதவுகளையும் திறந்துவிடுவார்கள். சில வாரங்களில் இலை தடித்துச் சுருங்கி, தரையோடு படிந்து, இனிப்பேறிவிடும். திறந்தபின் செடி பெரிதாக வளராது என்பதால் அதற்கு முன்பே பறிக்கும் அளவை எட்டியிருக்க வேண்டும். நிலமும் கோடையைவிட நெடுநாள் ஒரே பயிருக்கு முடங்குகிறது. அந்தக் கீரைக்குக் கூடுதல் விலை கேட்பது நியாயமே.

இரும்புச்சத்தில் கதை வேறு. அதே அட்டவணை இரு பருவத்துக்கும் 2 மில்லிகிராம் என்றே போடுகிறது. வைட்டமின் சி இலை தானே தயாரிப்பது. இரும்பு மண்ணிலிருந்து வர வேண்டியது. ரத்தசோகைக்காகப் பாலக் வாங்குபவர் பருவம் பார்க்க வேண்டியதில்லை.

அடுப்பில் ஏற்றினால் வைட்டமின் சி இரண்டிலும் பாதியாகிறது: வேகவைத்த கோடைக் கீரையில் 10, குளிர்காலக் கீரையில் 30. வெந்த பிறகும் பனிப் பாலக், பச்சையாக உள்ள வெயில் பாலக்கை மிஞ்சியே நிற்கிறது.

இந்தக் கணக்கை எல்லாக் கீரைக்கும் நீட்டக் கூடாது. பாலக் குளிர் தாங்கும் இனம். தண்டுக்கீரையும் அரைக்கீரையும் வெப்ப நிலத்துச் செடிகள். 5 டிகிரியில் அவை இனிக்காது, வாடிக் கருகும்.