காப்பிக் கிட்டங்கியின் நாலரைப் பென்ஸ்

19ஆம் நூற்றாண்டுக் கொழும்பில் காப்பி ஏற்றுமதி நிறுவனங்கள் தங்கள் பெயர் பொறித்த உலோக வில்லைகளை வெளியிட்டன. நாணயச் சேகரிப்பாளர்கள் இவற்றைக் காப்பி டோக்கன் என்பார்கள். ஜார்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனம் தன் வேகந்தை ஆலைக்காக வெளியிட்ட வில்லையில் 1843 என்ற ஆண்டும் நாலரைப் பென்ஸ் என்ற மதிப்பும் உண்டு. பல வில்லைகளில் காப்பிச் செடியே சின்னம்.

கண்டி மலைத் தோட்டங்களில் பழம் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காட்டுவழி நடந்து போனவர்கள். அங்கிருந்து தோலோடு வந்த கொட்டை, 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை, மாட்டுவண்டியில்தான் கொழும்பு இறங்கியது. கிட்டங்கிகளில் அதைக் காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரித்தார்கள். சொத்தையும் உடைசலும் பொறுக்கும் வேலை பெண்களுடையது. அன்றாடக் கூலிக் கணக்குக்கு வில்லை கைகொடுத்தது.

மதிப்புதான் விசித்திரம். பிற்கால வில்லைகள் சிலவற்றில் 19 சதம் என்றிருக்கிறது. எந்த அரசும் அப்படியொரு காசு அடிக்காது. அன்றைய இலங்கைக் கணக்கில் ஒரு ரூபாய் 2 ஷில்லிங், அதாவது 24 பென்ஸ். நாலரைப் பென்ஸ் என்பது சரியாக 3 அணா. 1872இல் ரூபாய்–சதக் கணக்கு வந்தபோது 3 அணா 18.75 சதமாகி, 19 என்று முழுமையாக்கப்பட்டது. காசின் பெயர் மாறினாலும் கூலி அதே இடத்தில் நின்றதை இந்த எண் காட்டிக்கொடுக்கிறது.

அமெரிக்க வணிகர் டோக்கன்களின் கதை வேறு. 1837 நெருக்கடியிலும் உள்நாட்டுப் போரிலும் சில்லறை மறைந்ததால், கடைக்காரர்கள் விளம்பரம் பொறித்த செம்புக் காசுகளை வெளியிட்டார்கள். 1864இல் அந்நாட்டுச் சட்டம் அதைத் தடுத்தது. அங்கே டோக்கன் சில்லறைக்கு மாற்று. கொழும்பில் அது கூலி.

1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பியை வீழ்த்தியது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது, காப்பி டோக்கன்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எச். டபிள்யூ. காட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கை நாணய நூல், இவற்றை ஆராய்வோர்க்கு இன்றும் முதல் துணை.

பழைய பெட்டியில் இப்படியொரு வில்லை கிடைத்தால் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். எழுத்து தேய்ந்தால் நிறுவனத்தின் பெயரும் போய்விடும்.